அடித்தந்தியின் விலை

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்து நூலகத்தில் நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்பர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். சற்றுத் தயங்கிவிட்டு, "ஐயா, என் மகளுக்கு வயது பதினைந்து. பேஸ் கிட்டார் வேண்டுமென்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வீணை கற்றுக்கொள் என்றால் காதில் வாங்கவில்லை. தாங்கள் மெல்லிசைக் குழுவில் அதைத்தானே வாசிக்கிறீர்கள்? அதை வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்குவது?" என்று வினவினார்.

நின்ற நிலையில் விடை சொல்லிவிடக்கூடிய கேள்வியன்று அது. இருபது ஆண்டுகளில் மூன்று கருவிகளை விலைக்கு வாங்கி, இரண்டை விற்று, அவற்றுள் ஒன்றன் பொருட்டு இல்லத்தில் தலைகுனிந்து நின்றவர்கள் நாம். ஆதலின் இத்திங்கள் இப்பகுதியை அவ்வன்பருக்கே உரியதாக்குகிறோம். பிள்ளைகளின் இசை ஆர்வத்துக்கும் மாதச் சம்பளத்துக்கும் நடுவே நிற்கும் பெற்றோர் பிறருக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் கருவி இன்னதென்று அறிதல் வேண்டும். சாதாரணக் கிட்டாரில் ஆறு தந்திகள். பேஸ் கிட்டாரில் பெரும்பாலும் நான்கு. நம் வீணையிலும் வாசிப்புத் தந்திகள் நான்கு என்பதை அன்பர் தம் மகளிடம் சொல்லலாம். சண்டை சற்றுத் தணியும். கிட்டாரின் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி அதில் பாதியாக 41 முறை அதிர்கிறது. அதாவது ஒரு ஸ்தாயி கீழே. பாட்டுக் கேட்பவருள் பலர் அதனைத் தனியே கேட்பதில்லை. ஆனால் அது நின்றுவிட்டால், "ஏன் பாட்டு மெலிந்துவிட்டது?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். இளையராஜா 1976-ஆம் ஆண்டு 'அன்னக்கிளி'யில் தொடங்கித் தந்த பாடல்கள் பலவற்றில், பாடகர் ஒரு வழி செல்ல, பேஸ் கிட்டார் தனக்கென்று வேறொரு வழி வகுத்துச் சென்று, இறுதியில் அவரோடு வந்து கூடுவதை ஊன்றிக் கேட்டால் உணரலாம்.

இக்கருவி மிகப் பழையதன்று. முன்னாளில் தாழ்ந்த சுரத்துக்கு ஆள் உயரமுள்ள பெரிய பேஸ் பிடிலையே நிறுத்தி வைத்து வாசித்தனர். அதைச் சுமப்பதும் அரிது. மற்றக் கருவிகளின் முழக்கத்தில் அதன் ஒலி கேட்பதும் அரிது. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடையில் தொழில் தொடங்கியவரான லியோ ஃபெண்டர், தோளில் மாட்டி வாசிக்கத் தக்க மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தந்தியின் நீளம் 34 அங்குலம். மெட்டுகள் பதித்திருந்தமையால் விரல் வைத்த இடத்தில் சுருதி பிசகாது நின்றது. அதனாலேயே அதற்குத் துல்லியம் எனப் பொருள்படும் 'பிரிசிஷன்' என்னும் பெயரை இட்டார். இத்தனைக்கும் அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! 1960-இல் அவர் நிறுவனமே கழுத்து ஒடுங்கிய 'ஜாஸ் பேஸ்' என்னும் மற்றொன்றையும் வெளியிட்டது. இன்று கடைகளில் தொங்குவனவற்றுள் பெரும்பாலானவை இவ்விரண்டின் வழிவந்தவையே.

இனி நம் கதைக்கு வருவோம்.

2004-ஆம் ஆண்டு, நமக்கு வயது பதினாறு. அல்சூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தூக்கி வைக்கும் பணியில் சேர்ந்தோம். விநாயகர் சதுர்த்திப் பந்தல், திருமண மண்டபம், நவம்பர் முதல் நாள் இராஜ்யோற்சவ மேடை எனக் குழுவுக்கு அழைப்பு இருந்துகொண்டே இருக்கும். ஒரே இரவில் தமிழ்ப் பாட்டும், டாக்டர் இராஜ்குமாரின் கன்னடப் பாட்டும், இந்திப் பாட்டும் வாசிக்க வேண்டும். ஒருநாள் பேஸ் வாசிப்பவர் வரவில்லை. குழுத் தலைவர் நம்மை நோக்கி, "தம்பி, நீதான் தினமும் பார்க்கிறாயே, முதல் தந்தியை மட்டும் தாளத்தோடு தட்டிக்கொண்டிரு" என்று கருவியைக் கழுத்தில் மாட்டிவிட்டார். அன்றிரவு வலக்கை விரல் இரண்டிலும் கொப்புளம். மறுநாள் அதே விரல்களால் சோறு பிசைய முடியவில்லை. ஆயினும் மனம் அதிலேயே நின்றது.

2006-இல் நம் தந்தையார் முதற் கருவியை வாங்கித் தந்தார். இரயில்வேயில் கலாசியாக இருந்த அவருக்குத் தசராவை ஒட்டிப் போனஸ் வந்திருந்தது. அதில் 3,500 ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு நம்முடன் சிவாஜிநகர்ப் பக்கம் வந்தார். உள்நாட்டில் செய்த, ஒருவர் முன்பே வாசித்து விற்ற கருவி. மாநிறம், முனையில் சிறு வெட்டு. தந்திகள் மெட்டுக்கு மேலே வெகு உயரத்தில் நின்றன. அழுத்த அழுத்த விரல் நொந்தது. மின்சாரம் கொடுத்தால் பாட்டுக்கு முன்பே ஓர் இரைச்சல் எழும். தந்தையார் அதையெல்லாம் அறியார். கடைக்காரரிடம், "கழுத்து நேராக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். தண்டவாளத்தைப் பார்த்துப் பழகிய கண் அது. கருவியை முகத்துக்கு நேரே ஏந்தி, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பேஸ் கிட்டார் வாங்குவோர் செய்யவேண்டிய முதற் சோதனை அதுவே என்பதை நாம் அறியப் பல்லாண்டுகள் ஆயின.

2007 மார்ச் 17-ஆம் நாள் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் 'அயர்ன் மெய்டன்' என்னும் ஆங்கிலேயக் குழு வாசித்தது. புழுதியில் நின்று கேட்ட கூட்டத்தில் நாமும் ஒருவர். அக்குழுவை நிறுவிய ஸ்டீவ் ஹாரிஸ் பேஸ் வாசிப்பவர். இரண்டு விரல்களால் குதிரைப் பாய்ச்சலாக அவர் மீட்டியதைக் கண்டதும், வீட்டிலிருந்த நம் மாநிறக் கருவி ஏழையாகத் தோன்றிற்று. இளமையின் பிழை அது. அவர் கையிலிருந்ததும் நான்கு தந்திக் கருவியே. வேறுபாடு கையில் இருந்தது. நாமோ வேறுபாடு கருவியில் இருந்ததாகக் கொண்டோம்.

2009-இல் தந்தையார் காலமானார். கருணை அடிப்படையில் நமக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. சம்பளம் வரத் தொடங்கியதும், 2011-இல் வயலின் வடிவமுள்ள பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கினோம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாங்கிப் புகழ்பெறச் செய்த ஹாஃப்னர் கருவியின் வடிவத்தைப் பார்த்துச் செய்தது அது. தந்தி நீளம் ஏறத்தாழ 30 அங்குலமே, உள்ளே வெற்றிடம், எடை மிகக் குறைவு. வீட்டில் வாசிக்கத் தேனாக இருந்தது. ஆனால் திருவிழா மேடையில், பெரிய ஒலிபெருக்கிகளின் முன்னே, அவ்வெற்றிடம் ஒலியை மீண்டும் மீண்டும் வாங்கி ஊளையிடத் தொடங்கிற்று. குற்றம் கருவியினுடையதன்று. சிறிய அரங்குக்கு உரியதைத் திறந்த மேடைக்குக் கொண்டுசென்ற நம் அறியாமையே குற்றம். மெக்கார்ட்னியின் படத்தைப் பார்த்து வாங்கினோம். நாம் வாசிக்கும் இடத்தைப் பார்த்து வாங்கவில்லை. இரண்டாண்டுகளில் அதைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் தந்தையார் தந்த கருவியையே மேடைக்கு எடுத்துச் சென்றோம்.

மூன்றாவது கருவியின் கதையைச் சொல்ல நாணமாக இருக்கிறது. ஆயினும் அதற்காகவே இதனை எழுதத் தொடங்கினோம்.

2019 செப்டம்பரில் ஐந்து தந்தி வெளிநாட்டுக் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. ஐந்தாவது தந்தி நொடிக்கு 31 முறை மட்டுமே அதிரும். காதைவிட நெஞ்சுக்கூடே அதை முதலில் அறியும். விலை 80,000 ரூபாய். கூட்டுறவுச் சங்கத்தில் 36 தவணைக் கடன் எழுதி வாங்கினோம். இல்லாள் விலை கேட்டபோது, "முப்பதாயிரம்" என்றோம். பொய் அவ்வளவு எளிதாக வாயிலிருந்து வந்தது.

மந்தர ஸ்தாயி மிக நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம் குழு வாசிக்கும் பாட்டுகளில் ஐந்தாவது தந்திக்கு வேலை அரிதாகவே வந்தது; பெரும்பாலும் அது கட்டைவிரலை வைத்துக்கொள்ளும் திண்ணையாகவே பயன்பட்டது. எடை ஐந்து கிலோவுக்குச் சற்றே குறைவு. மூன்று மணி நேரக் கச்சேரிக்குப் பின் தோள் மரத்துவிடும். உள்ளே ஒலியைப் பெருக்கும் மின்சுற்றுக்கு 9 வோல்ட் பேட்டரி ஒன்று வேண்டும். இணைப்புக் கம்பியைக் கழற்றாமல் விட்டால் பேட்டரி தானே தீர்ந்துபோகும். ஒரு திருமண வரவேற்பில் அவ்வாறே தீர்ந்து, பாட்டின் நடுவில் நாம் ஊமையானோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பயணிகள் இரயில்கள் நின்றன. பார்சல் வண்டிகள் மட்டும் மருந்தும் உணவும் ஏற்றி ஓடின. நமக்கு வேலையும் சம்பளமும் இருந்தன. குழுவினருக்கு இல்லை. 2021-இல் நம் தங்கையின் கணவர் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் ஆட்டோ ஓட்டுபவர், சேமிப்பு ஏதுமில்லை. ஜூன் மாதத்தில் ஐந்து தந்திக் கருவியை 46,000 ரூபாய்க்கு விற்றுப் பணத்தைத் தங்கையின் கையில் கொடுத்தோம். அவர் பிழைத்து வந்தார், அது பெரும்பேறு.

அன்றிரவு இல்லாள் நம்மைப் பார்த்து மனமார, "முப்பதாயிரத்துக்கு வாங்கியதை நாற்பத்தாறாயிரத்துக்கு விற்றிருக்கிறீர்களே! நீங்கள் கெட்டிக்காரர்தான்" என்றாள்.

அந்தப் பாராட்டை நம்மால் தாங்க இயலவில்லை. திட்டியிருந்தால் பொய்யைக் காத்திருப்போமோ என்னவோ! உண்மையைச் சொல்லிவிட்டோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எண்பதாயிரம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டைக்குப் பிறகு சரி என்றும் சொல்லியிருப்பேன். என்னைக் கேட்காமலே என் பதிலையும் நீங்களே சொல்லிக்கொண்டீர்களே" என்றாள்.

கருவி போன பின்னும் 15 தவணைகள் மீதமிருந்தன. 2022 செப்டம்பர் வரை, இல்லாத கருவிக்காக மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் நடந்தது. சம்பளச் சீட்டு வரும் நாளில் அவ்வரியை இருவரும் பார்ப்போம், ஒன்றும் பேசமாட்டோம்.

மேடைகள் மீண்டும் தொடங்கியபோது கையில் எஞ்சியிருந்தது தந்தையார் வாங்கித் தந்தது ஒன்றே. அதைக் கருவி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் தச்சர் மரபினர். கருவியை முகத்துக்கு நேரே ஏந்தி, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். நமக்குத் தொண்டை அடைத்தது.

"கழுத்து நல்ல கழுத்து, தம்பி. இத்தனை நாள் யாரும் இதைச் சரி செய்யவே இல்லை" என்றார். கழுத்தினுள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. தந்திகளின் இழுப்பால் கழுத்து முன்னோக்கி வளையும்போது, அக்கம்பியின் மரையைச் சிறிது முறுக்கினால் மரம் நிமிரும். அவர் கால் திருப்பு திருப்பிவிட்டு, மரம் அமைய ஒருநாள் விட்டு, மறுநாள் மீண்டும் பார்த்தார். குதிரையைத் தாழ்த்தினார். தேய்ந்த மெட்டுகளை அராவிச் சமன் செய்தார். உட்குழியில் செப்புத் தகடு ஒட்டி, மின்கம்பிகளைப் புதிதாகப் பற்றவைத்தார்; இரைச்சல் ஒடுங்கிற்று. தட்டைச் சுற்றுத் தந்திகளைப் பூட்டினார். தந்தி உட்பட மொத்தச் செலவு 2,900 ரூபாய். 80,000 ரூபாயில் தேடிய ஒலியின் பெரும்பகுதி, பதினைந்து ஆண்டுகளாக நம் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது!

அவர் இன்னொன்றும் காட்டினார். விரல்பலகையைத் துடைத்து எண்ணெயிட்டதும் கருஞ்சிவப்பு ரேகைகள் எழுந்தன. "ஈட்டி மரம். நம் மலைக்காட்டு மரம்" என்றார். தோதகத்தி என்றும் வழங்கப்படும் இம்மரம் குடகிலும், வயநாட்டிலும், நீலகிரியிலும் வளர்வது. உலகெங்கும் கிட்டார் செய்வோர் முன்பு பிரேசில் நாட்டு ஈட்டியை நாடினர். அது அருகியபின் நம் ஈட்டியை நாடினர். 2017 ஜனவரியில் ஈட்டி இனங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தன. நிறுவனங்கள் சில வேறு மரங்களுக்கு மாறின. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. வெளிநாட்டுக் கருவி என்று நாம் அண்ணாந்து பார்ப்பனவற்றுள் பலவற்றின் விரல்பலகை, இங்கிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பி வந்த நம் காட்டு மரமே. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இச்செய்தியில் ஏதோ ஓர் ஆறுதல் இருக்கிறது.

தந்தியைப் பற்றியும் ஒரு சொல். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துப் பாடல்கள் பலவற்றுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962-இல் செய்த ஒரே பிரிசிஷன் கருவியைப் பல்லாண்டுகள் வாசித்தார். அறுந்தாலன்றித் தந்தியை மாற்றமாட்டார். வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டுவார். ஜாக்கோ பஸ்டோரியஸ் என்னும் மற்றொரு மேதை, தம் ஜாஸ் பேஸில் மெட்டுகளே இல்லாதபடி செய்து, பலகைக்குக் கடினப் பூச்சிட்டு வாசித்தார். 1986-இல் அது களவு போயிற்று. மறு ஆண்டே அவர் மறைந்தார். பல்லாண்டுகளுக்குப் பின் வெளிப்பட்ட அதனை மீட்க உதவியவர், மெட்டாலிக்கா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஜீயோ. அவரும் 2011 அக்டோபர் 30-ஆம் நாள் நம் அரண்மனை மைதானத்தில் வாசித்துச் சென்றவர்தாம். கருவியை அடிக்கடி மாற்றியதால் இவர்கள் பெரியவர்களாகவில்லை. ஒன்றோடு நெடுநாள் வாழ்ந்தார்கள்.

இனி அன்பருக்கு நம் விடை.

வாங்குங்கள். பெண்பிள்ளைக்கு இது ஒவ்வாது என்று தயங்கற்க. 1960-களில் அமெரிக்கப் பாடல்கள் எண்ணற்றவற்றுக்கு பேஸ் வாசித்தவர் கேரல் கே என்னும் பெண்மணி. நம் நாளில் மும்பையின் மோகினி டே, ஏ. ஆர். ரகுமான் குழுவிலும் வாசித்து உலகப் புகழ் பெற்றிருக்கிறார்.

மகளையும் அழைத்துச் சென்று வாங்குங்கள். நான்கு தந்தி போதும். அவள் கை சிறிதாயின் 30 அங்குல நீளமுள்ளதை முதலில் கொடுத்துப் பாருங்கள். எட்டுமாயின் 34 அங்குலம். கழுத்தை நீளவாக்கில் பாருங்கள். பின், ஒரே தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே ஓர் அழைப்பட்டை நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நலம். ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் மீட்டி, கரகரப்பு உண்டா என்று கேளுங்கள். தோளில் மாட்டிக் கால்மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். நிறமும் பளபளப்பும் அதற்குள் மறந்துபோகும், எடை மறக்காது. கருவிக்கான பணம் முழுவதையும் கருவிக்கே செலவிடாதீர்கள். பேஸுக்கென்றே அமைந்த சிறிய ஒலிபெருக்கி ஒன்றும், பழுது பார்ப்பவர் கையில் ஒருமுறை சீர் செய்வதற்கான தொகையும் அதனுள் அடங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விலையை வீட்டில் அனைவரும் அறியும்படி வாங்குங்கள். சண்டை வந்தால் வரட்டும். மறைத்து வாங்கிய கருவியில் எத்தனை தந்தி இருந்தாலும் சுருதி சேராது.

நம் மகளுக்கு இப்போது ஏழு வயது. ஒலிபெருக்கி இணைக்காத பேஸ் கிட்டாரின் குரல் மிக மெல்லியது. அடுத்த அறைக்குக் கேட்காது. இரவில் நாம் பழகும்போது அவள் வந்து மரத்தின்மேல் காதை வைத்துக்கொள்வாள். அடித்தந்தியை மீட்டினால், "தாத்தா பேசுகிறார்" என்பாள். அவர் குரலை அவள் கேட்டதே இல்லை. இல்லாள் அடுக்களையிலிருந்து, "இன்னொரு முறை வாசியுங்கள்" என்பாள்.

ஞாயிறு மாலைகளில் நாம் சங்க நூலகத்தில் இருப்போம். அன்பர் தம் மகளை அழைத்து வரலாம். தந்தையாரின் கருவியைக் கொண்டு வந்திருப்போம். அவள் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.